ஆள் பற்றாக்குறையா, கணக்குப் பற்றாக்குறையா? விலங்கு மீட்புக் குழுக்களில் தன்னார்வலர்கள் நிலைப்பதும் நழுவுவதும்

மீட்புக் குழு நடத்துகிறவரிடம் "எத்தனை தன்னார்வலர்கள் வேண்டும்?" என்று கேட்டால், "எத்தனை பேர் வந்தாலும் சந்தோஷம்தான்" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். சிக்கல் அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது. எந்த வேலைக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று சொல்லத் தெரியாத குழுவுக்கு ஐம்பது பேர் வந்து சேர்ந்தாலும் மூன்று மாதத்தில் பழைய ஆறு பேர்தான் மிஞ்சுவார்கள். போனவர்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு தீர்ப்பும் எழுதப்படும்.

எனவே ஆள் தேடுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். அமெரிக்காவின் தேசிய விலங்குப் பராமரிப்பு, கட்டுப்பாட்டுச் சங்கம் காப்பகங்களுக்கு ஒரு குறைந்தபட்ச அளவைப் பரிந்துரைக்கிறது: விலங்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 நிமிடம். அதில் 9 நிமிடம் சுத்தம் செய்ய, 6 நிமிடம் உணவு வைக்க. நடை, விளையாட்டு, மருந்து, கட்டு மாற்றுவது எதுவும் இதில் சேராது. 40 விலங்குகள் இருந்தால் நாளுக்கு 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். வாரத்துக்கு 70 மணி நேரம். வேலைக்கோ கல்லூரிக்கோ போகிற ஒருவர் மாதக்கணக்கில் தொய்வில்லாமல் தரக்கூடியது வாரம் ஒரு முறை, சுமார் 3 மணி நேரம். அப்படியானால் 24 பேர் வேண்டும். காய்ச்சல், பரீட்சை, வீட்டு விசேஷம் என்று எந்த வாரத்திலும் நாலில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டால் பட்டியலில் 32 பேர் இருக்க வேண்டும். இத்தனையும் கூண்டு கழுவித் தட்டு நிரப்ப மட்டுமே.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பார்க்கலாம். உண்மையில் அதுதான் முக்கியமான கணக்கு. நம்பிக்கையான 12 பேர் இருக்கிறார்கள். வராதவர்களைக் கழித்தால் 9 பேர், வாரத்துக்கு 27 மணி நேரம். ஒரு விலங்குக்கு வாரத்துக்கு 105 நிமிடம் என்றால் இந்தக் குழு தாங்கக்கூடியது 15 விலங்குகள். பதினாறாவது விலங்கை உள்ளே எடுக்கும்போது அதற்கான நேரம் யாரோ ஒருவருடைய தூக்கத்திலிருந்து வருகிறது. முப்பதாவது வரும்போது அந்த ஒருவர் போய்விடுகிறார். அவர் போனதும் மற்றவர்கள் தலையில் சுமை ஏறுகிறது, அடுத்தவர் போகிறார். ஆகவே விலங்குகளை உள்ளே எடுப்பதற்கு ஓர் எண்ணிக்கை வரம்பு இல்லாத குழுவில் ஆள் சேர்ப்பு என்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. "முடியாது" என்று சொல்வது நெஞ்சுக்குக் கடினம்தான். ஆனால் வரம்பை வாசலில் எழுதி ஒட்டிவிட்டால், ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் தனியாக மனம் நோக வேண்டியதில்லை. மறுப்பதும் ஒரு தனிமனிதரின் கல்நெஞ்சாகத் தெரியாது.

அழைப்பில் என்ன எழுதுவது

அடிபட்ட குட்டியின் படம், "அவசரம், உதவுங்கள்" என்ற வரி. இப்படி ஓர் அழைப்பு போட்டால் ஒரே இரவில் நூறு பேர் எண்ணைக் கொடுப்பார்கள். அவர்கள் கொடுத்தது அந்தக் குட்டிக்காக. மறுநாள் காலை கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவசர அழைப்பு பணம் திரட்ட உதவும், ரத்தம் கொடுக்க ஒரு நாயைத் தேட உதவும். நிலையான ஆள் சேர்க்க அது ஏற்றதல்ல.

வேலை செய்கிற அழைப்பு சாதுவாக இருக்கும்: "செவ்வாய், வியாழன் காலை 6 முதல் 8 வரை நாய்க்கூண்டு சுத்தம் செய்ய இரண்டு பேர் தேவை. குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை. ஈரம், நாற்றம் உண்டு. நாயைத் தொட வேண்டிய அவசியம் முதல் மாதம் இருக்காது." இதைப் படித்துவிட்டு ஐந்து பேர் வந்தால் மூன்று பேர் நிற்பார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. பொதுவாக அழைத்தால் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். இரண்டு பேர் வேலைக்கு எட்டுப் பேர் நிற்பார்கள். ஆறு பேருக்குச் செய்ய எதுவும் இருக்காது. அதிக வேலையால் போகிறவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வேலையே இல்லாமல் மூன்று ஞாயிறு சும்மா நின்றுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை.

விலங்கைத் தொடாத வேலைகளையும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும். தொலைபேசி எடுப்பது, மருத்துவக் குறிப்புகளை அட்டவணையில் ஏற்றுவது, தத்துக்கான படம் எடுப்பது, தத்துப் போன வீடுகளுக்கு 3 நாள், 3 வாரம், 3 மாதம் கழித்து அழைத்து விசாரிப்பது, துணி துவைப்பது, மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுவது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடுகிற ஒருவர் அருமையான கணக்காளராக இருக்கலாம். அவரைக் கூண்டுப் பக்கம் தள்ளி இழப்பது வீண்.

ஏன் வருகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் முதலிய உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு தன்னார்வப் பணிக்கு ஆறு நோக்கங்களைப் பிரித்துக் காட்டியது: தான் நம்பும் அறத்துக்காக, கற்றுக்கொள்ள, நட்பு வட்டத்துக்காக, தொழிலுக்கு உதவும் என்பதால், சொந்த மனச்சுமையை மறக்க, தன்மீதே ஒரு மதிப்பு வளர. வந்த நோக்கமும் கிடைக்கும் பலனும் பொருந்தினால்தான் ஆள் தொடர்கிறார் என்பது அவர்கள் கண்டது. கால்நடை மருத்துவம் படிக்கிற மாணவருக்கு மருத்துவர் பக்கத்தில் நிற்கிற வாய்ப்பு வேண்டும். தனிமையில் இருக்கிற ஓய்வுபெற்றவருக்குக் கூடவே பேசிக்கொண்டு வேலை செய்ய ஒரு துணை வேண்டும். இருவரையும் மாற்றி நிறுத்தினால் இருவருமே போய்விடுவார்கள். சொந்தத் துயரத்தை மறக்க வருகிறவரைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் மாதமே உயிருக்குப் போராடும் விலங்கை அவர் பொறுப்பில் விட வேண்டாம்.

விண்ணப்பம் கொடுத்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒரு மனிதரிடமிருந்து பதில் போக வேண்டும். இரண்டு வாரம் கழித்து அழைத்தால் ஆர்வம் ஆறிப்போயிருக்கும். படிவத்தில் "எப்போது வரமுடியும்?" என்று கேட்காமல் "எந்தக் கிழமை, எந்த நேரம் கட்டாயம் வரமுடியும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் "எப்போது வேண்டுமானாலும்" என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பொருள் எப்போதும் இல்லை என்பதே.

முதல் கடிக்கு முன்

பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று பல குழுக்கள் அதை அடக்கி வாசிக்கின்றன. நடப்பது நேர்மாறு. கடி வாங்கியவர் போவது வலியால் அல்ல. கடித்த அன்று என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை என்பதால்.

ரேபிஸ் உள்ள பகுதிகளில் நாய், பூனையைத் தொடப்போகிற ஒவ்வொருவரும் முன்தடுப்பு ஊசி போட்ட பிறகே கூண்டுக்குள் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் திருத்திய பரிந்துரைப்படி ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு தவணை போதும்: முதல் நாள் ஒன்று, 7 நாள் கழித்து ஒன்று. சில நாடுகளில் மூன்று தவணை முறை உண்டு. உள்ளூர் மருத்துவர் சொல்வதே நடைமுறை. முன்தடுப்பு போட்டவரைக் கடித்தாலும் ஊசி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருக்குக் கடித்த அன்றும் மூன்று நாள் கழித்தும் மீண்டும் ஊசி போடுவது வழக்கம், இம்யூனோகுளோபுலின் (காயத்திலேயே செலுத்தும் தயார்நிலை எதிர்ப்பு மருந்து) தேவைப்படாது. முன்தடுப்பு இல்லாதவருக்கு முழுத் தவணையும், காயத்தைப் பொறுத்து இம்யூனோகுளோபுலினும் தேவை. ஊசிச் செலவைக் குழு ஏற்கிறதா, தன்னார்வலர் ஏற்கிறாரா என்பதைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

கடித்ததும் முதல் வேலை காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. 15 நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்து. பதற்றத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடம் போலத் தோன்றும். பிறகு கிருமிநாசினி, அதே நாளில் மருத்துவமனை. டெட்டனஸ் ஊசியின் தேதியையும் பார்க்க வேண்டும். கடித்த நாயையோ பூனையையோ 10 நாள் தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். பூனைக்கடியை "சின்ன ஊசிக்குத்துதானே" என்று விடுவது தவறு. பூனையின் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேலே தோல் மூடிக்கொள்ளும். பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா உள்ளே தங்கி ஒரே நாளில் கையை வீங்கவைத்துவிடும். கை மூட்டருகே கடித்திருந்தால் காத்திருக்கவே கூடாது.

நல்ல மனம் படைத்தவர்கள் செய்கிற பெரிய பிழை, கடியை மறைப்பது. "சொன்னால் அந்த நாயைக் கடிநாய் என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்ற பாசம்தான் காரணம். ஆகவே பதிவேட்டில் கடியை எழுதினால் நாய்க்குத் தண்டனை இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். எழுத வேண்டியது நடந்த சூழல்: தட்டை எடுக்கும்போதா, தூங்கும்போது தொட்டதாலா, இரண்டு நாய்ச் சண்டையை விலக்கும்போதா. ஒரே கூண்டில் மூன்று கடி என்றால் பழுது நாயிடம் இல்லாமல் கூண்டுக் கதவு வைத்திருக்கிற இடத்தில் இருக்கலாம்.

புதியவர் முதல் மூன்று முறை பழகியவர் ஒருவரோடு சேர்ந்தே வேலை செய்யட்டும். நாய் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, திடீரென்று உறைந்து நிற்பது எல்லாம் கடிக்கு முந்திய பேச்சு. உறுமல் கடைசி எச்சரிக்கை. உறுமினால் அதட்டி அடக்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். இதை ஏட்டில் படித்தால் நிற்காது. கூண்டுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் ஒரு நாயைப் பார்த்து, கண்டதைச் சொல்லச் சொன்னால் நிற்கும்.

பிறகு தொற்று. நாய்க்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தந்து கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் அதை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும். தரைக்கு, முதலில் மலத்தையும் அழுக்கையும் முழுவதும் நீக்கிவிட்டு, வீட்டு உபயோக பிளீச் (துணி வெளுக்கும் திரவம்) ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்து அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும். நேற்றுக் கலந்ததை இன்றைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. வேலையின் வரிசையும் மாறக் கூடாது: தடுப்பூசி முடியாத குட்டிகள் முதலில், பிறகு வளர்ந்தவை, பிறகு புதிதாக வந்து 14 நாள் தனிமையில் இருப்பவை, கடைசியில் நோயுற்றவை. இதற்கும் தன்னார்வலர் நிலைப்பதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். காப்பகத்தின் செருப்போடு வீட்டுக்குப் போய், தன் சொந்த நாய்க்குட்டியைப் பார்வோவுக்குக் கொடுத்தவர் திரும்பி வருவாரா?

ஃபாஸ்டர் வீடுகள்

காப்பகத்தின் சுமையை உண்மையில் குறைப்பவர்கள் தற்காலிகமாக விலங்கை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். அவர்களை மிக எளிதாக இழப்பதும் நாம்தான்.

முதல் தவறு, புதியவரிடம் கண் திறக்காத பூனைக்குட்டிகளைக் கொடுப்பது. பார்க்கச் சிறியது, எளிது என்று நினைப்பு. முதல் வாரம் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பால் கொடுக்க வேண்டும். குட்டி குளிர்ந்திருந்தால் சூடேற்றாமல் பால் கொடுக்கக் கூடாது, செரிக்காது, இறந்துவிடும். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும்; வயிறு கீழே இருக்கும்படி பிடிக்க வேண்டும். பசும்பால் வயிற்றைப் போக்கும், குட்டிக்கான பால்மாவுதான் தர வேண்டும். சுமார் 3 வாரம் வரை ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் துடைத்துத்தான் சிறுநீர், மலம் போக வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் கிராம் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு 10 கிராம் அளவாவது ஏறவில்லை என்றால் ஏதோ கோளாறு. இத்தனையும் சரியாகச் செய்தாலும் குட்டி இறந்துபோகலாம். இதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் காலை செத்த குட்டியோடு அழுகிறவரிடம் என்ன சொன்னாலும் எடுபடாது. புதியவருக்கு ஏற்றது கருத்தடை முடிந்து தையல் ஆறும்வரை 10 முதல் 14 நாள் தங்க வேண்டிய, சாதுவான வளர்ந்த விலங்கு. பால்குடிக் குட்டிகளை இரவு, பகல் பிரித்துக்கொள்ளும் இரண்டு வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது தவறு திருப்பி எடுக்காமல் இருப்பது. "இரண்டு நாள் மட்டும்" என்று கொடுத்த நாய் இரண்டு மாதமாக அங்கேயே இருக்கும்; அழைத்தால் எடுக்கமாட்டார்கள். ஒப்பந்தத்தை மீறுவது பெரும்பாலும் ஃபாஸ்டர் அல்ல, குழுவே. ஏமாற்றப்பட்ட அந்த ஒருவர் தன் நண்பர்கள் பத்துப் பேரையும் சேரவிடமாட்டார். எனவே எழுத்தில் இருக்க வேண்டியவை: விலங்கு யாருக்கு உரியது, எந்தத் தேதியில் திருப்பி எடுக்கப்படும், அன்று இடமில்லை என்றால் அடுத்து எங்கே போகும், எந்த மருத்துவமனை, செலவு எந்த அளவு வரை கேட்காமலே செய்யலாம், நள்ளிரவு 2 மணிக்கு யாரை அழைப்பது. கடைசிக்கு ஒரே பெயரை எழுதக் கூடாது, இரண்டு வேண்டும்.

ஃபாஸ்டர் செய்தவரே அந்த விலங்கைத் தத்தெடுத்துக்கொள்வது நல்ல செய்திதான், ஆனால் அத்துடன் ஒரு வீடு கணக்கிலிருந்து கழிகிறது. இன்னொரு பக்கம், எந்த வீட்டுக்கும் கொடுக்க மனமில்லாமல் ஒவ்வொரு தத்து விண்ணப்பத்திலும் குறை கண்டுபிடித்து, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. வீட்டுக்கு யாரும் வரக் கூடாது என்றால் அது அபாய மணி. குழுவின் சிறந்த உழைப்பாளி என்று பெயர் எடுத்தவராக இருப்பதால் கேட்கத் தயங்குவோம். ஒரு வீட்டுக்கு இத்தனை விலங்கு, மாதம் ஒரு முறை நேரில் பார்வை என்பதை எல்லாருக்கும் விதியாக வைத்தால் அவரைத் தனியே கேட்க வேண்டிய சங்கடம் வராது.

நிலைத்தவர்களைக் காப்பது

எட்டு முதல் பத்துப் பேருக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அது நிறுவனராக இருக்கக் கூடாது. அவர் மீட்புக்கும் மருத்துவமனைக்கும் ஓடிக்கொண்டிருப்பார். ஒருங்கிணைப்பாளரின் வேலை அட்டவணை போடுவது, வராதவருக்கு மாற்று ஆள் தேடுவது, இரண்டு முறை தொடர்ந்து வராதவரை அழைத்து நலம் விசாரிப்பது. திட்டுவதற்கு அல்ல, பாதிப் பேர் போவது "ஒருமுறை வராமல் விட்டேன், இனி எந்த முகத்தோடு போவேன்" என்ற கூச்சத்தில்தான்.

எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் நடத்துவது பேரிடர். நாளுக்கு முந்நூறு செய்தி, அதில் அடிபட்ட படங்கள் இருபது, அட்டவணை எங்கோ புதைந்திருக்கும். குழுவை முடக்கிவைத்துவிட்டுத் தப்பிக்கிறவர்கள் அட்டவணையையும் தவறவிடுகிறார்கள். அட்டவணைக்கும் அறிவிப்புக்கும் நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடிய ஒரு குழு, அவசர மீட்புக்கு விரும்பியவர்கள் மட்டும் உள்ள ஒன்று, அரட்டைக்கு இன்னொன்று என்று பிரித்தால் போதும். கோரமான படத்தை முன்னறிவிப்பில்லாமல் போடக் கூடாது.

பெட்ரோலுக்கும் மருந்துக்கும் கைக்காசு போட்டவருக்கு ரசீது கொடுத்த ஒரு வாரத்துக்குள் பணம் திரும்ப வேண்டும். கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் வண்டி ஓட்டுவதையும் விட்டுவிடுவார்கள். அதைவிடச் செலவில்லாத ஒன்று, முடிவைச் சொல்வது. நடுராத்திரி நாயை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் போனவருக்கு அது பிழைத்ததா என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வரிச் செய்தி போதும். இறந்துவிட்டாலும் சொல்ல வேண்டும், அவர் மற்றவர் வாயிலாகக் கேள்விப்படுவதற்கு முன்.

அடுத்தவர் துயரத்தைச் சுமக்கிறவர்களுக்கு வருகிற சோர்வை 1990களில் உளவியலாளர் சார்ல்ஸ் ஃபிக்லி விரிவாக விளக்கினார். மீட்புப் பணியில் இது முதலில் அழுகையாக வருவதில்லை, எரிச்சலாக வருகிறது. தத்தெடுக்க வருகிறவர்களிடம் சீறுவது, "மனுசங்களே மோசம்" என்ற பேச்சு, வீட்டில் தூக்கமின்மை. இந்த அறிகுறி தெரிந்தவரை இரண்டு வாரம் வேறு வேலைக்கு மாற்றலாம்: குட்டிகளோடு விளையாடும் வேலை, தத்துப் போன வீடுகளின் படங்களைத் தொகுக்கும் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் கட்டாய விடுப்பு என்று வைத்தால் ஓய்வு கேட்பது பலவீனமாகத் தெரியாது. கருணைக்கொலை பற்றிய முடிவில் யார் இருப்பார்கள், யாருக்கு எப்போது சொல்லப்படும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். தான் மாதக்கணக்கில் நடத்திச் சென்ற நாயின் கூண்டு ஒரு காலை காலியாக இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர் குழுவை மன்னிப்பதில்லை.

சிலரை அனுப்பவும் வேண்டிவரும். விலங்கை அடிப்பவர், அனுமதியின்றிக் குழுவின் பெயரில் பணம் திரட்டுபவர், மருந்து அளவைத் தானாக மாற்றுபவர். இவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு தருவதால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நான்கு நல்லவர்கள் சத்தமில்லாமல் விலகுவார்கள்.

தானாக விலகுகிறவரிடம் ஐந்து நிமிடம் பேசி, காரணத்தை ஒரு வரியில் பதிவேட்டில் எழுதி வையுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு. ஓராண்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், பலர் முதல் மாதத்தில் போயிருந்தால் அறிமுகத்தில் பிழை. ஓராண்டு கடந்தவர்கள் போயிருந்தால் சுமையில் பிழை. வேலை மாறியோ குழந்தை பிறந்தோ போனவர்களின் எண்ணைத் தனியே வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து அழைக்கலாம். வாரம் மூன்று மணி நேரம் தர முடியாதவர், மாதம் ஒரு நாள் வண்டி ஓட்ட வருவார்.